குளிர்த்திக்கு முதல் நாள் வந்த நடுக்கம்

மச்சாள்,

பக்கத்து வீட்டில் பச்சை மஞ்சள் அரைக்கிறார்கள். அந்த மணம் வேலி தாண்டி வந்ததும் புடைத்துக்கொண்டிருந்த அரிசியைச் சுளகோடு வைத்துவிட்டு எழுந்தேன். அடுப்படிக்குப் போனேன், வாசலுக்கு வந்தேன், திரும்பவும் அடுப்படிக்குப் போனேன். ஓரிடத்தில் இருக்க முடியவில்லை.

யுத்தம் தொடங்குவதற்கு முந்திய வருசம் உன் பித்தக் குழாயில் அடைத்திருந்த கற்களை வெட்டி எடுத்தார்கள். பல நாள் உன் வயிற்றிலிருந்து ஒரு ரப்பர் குழாய் போத்தலுக்குள் பித்தத்தை வடித்தது. தாதி கற்களைக் கொண்டுவந்து காட்டியபோது தையலைக் கையால் அமுக்கிக்கொண்டே சிரித்தாய்.

"உன்ட அண்ணன் கல்லுத்தோடு வாங்கித் தாறன் தாறன் எண்டு ஏமாத்தினார். பார் கா, நானே வயித்துக்குள்ள விளைய வெச்சிட்டன்."

வீட்டுக்கு அனுப்பும்போது டொக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். "சின்னக் கல்லொண்டு உள்ள ஒளிச்சிருக்கவும் கூடும். கண் மஞ்சளாகினா, சலம் கறுப்பாப் போனா, நடுங்கிக் காய்ச்சல் வந்தா, ஒரு பொழுதும் வெச்சிருக்காம கொண்டு வாங்க" என்றார். நானாகக் கற்ற எழுத்தில் மூன்றையும் செலவுக் கொப்பியில் எழுதிக்கொண்டேன்.

வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில் கதவு திறந்தது. பிழைத்து வந்தால் சடங்கு முடியும்வரை மஞ்சள் குளிப்பதாக நீ நேர்ந்திருந்தாய். உன் முகம், கை, சேலை எல்லாம் மஞ்சள். எங்களுக்கும் அப்படித்தான். உன் உடுப்பைத் துவைக்கையில் கறை கூடுதலாகக் கறுத்துத் தெரிந்தது. மஞ்சள் தண்ணீர்தானே என்று கும்மி அலசினேன். கோயிலில் சாம்பிராணிப் புகைக்கு நீ கண்ணை மூடியே நின்றாய்.

அம்மனைக் குளிரவைக்கும் கடைசி நாள் குளிர்த்திச் சடங்குக்கு முதல் நாள் பகல், உடுக்குச் சத்தத்தில் உனக்கு உடம்பு நடுங்கத் தொடங்கியது. பல் கிட்டியது.

"அம்மா வந்திட்டா! வேப்பிலை கொண்டா கா!" என்று பெண்கள் கூவினார்கள். நான் உன் காலில் விழுந்து வாக்குக் கேட்டேன்.

"குளிருது கா. போர்க்க ஏதும் தா" என்றாய்.

அம்மனின் சூடு தணியட்டும் என்று உன் தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். மூன்றாவது குடம் நான் ஊற்றியது.

அடுத்த நாள் காலையில் அண்ணன்தான் உன் இமையைத் தூக்கிப் பார்த்தார். கண்ணும் மஞ்சள். தோணியில் வாவியைக் கடந்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். மறுபடியும் வெட்டினார்கள். குழாயின் அடியில் மிளகளவு ஒரு கல்.

டொக்டர் ஏசவில்லை. "நடுக்கம் எப்ப துவங்கின?" என்று மட்டும் கேட்டார்.

"நேத்துப் பகல்" என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார். மூன்றாம் நாள் நீ போய்விட்டாய்.

அம்மனை நான் நோகவில்லை. மூன்று அடையாளத்தையும் எழுதத் தந்தவளே அவள்தான் என்று ஒரு பொழுது நினைப்பேன். எழுதியதை ஏன் பார்க்கவில்லை என்று மறுபொழுது என்னையே கேட்பேன்.

போன வருசச் சடங்கில் மீன்காரர் வீட்டுப் பெண்ணுக்குத் தெய்வம் ஏறியது. எல்லாரும் கும்பிட்டார்கள். நான் நெருங்கிப்போய் அவள் கீழிமையை இழுத்துப் பார்த்தேன்.

"என்ன கா செய்றாய்? அம்மாவுக்கே வைத்தியமோ?" என்று ஒருத்தி அதட்டினாள்.

கண் வெள்ளையாக இருந்தது. நெற்றியையும் தொட்டுப் பார்த்தேன். அதற்கு மறுகாதான் கைகூப்பினேன்.