லியோனில் கொட்டிய கெட்டிமேளம்

லியோன், பிரான்சு
5.9.1979

அன்புள்ள அம்மாவுக்கு, குழந்தைவேல் வணங்கி எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். உன் முழங்கால் வலி குறைந்ததா?

திங்கட்கிழமை நம் வசந்தா கல்யாணம் நல்லபடியாக நடந்திருக்கும். மடுகரையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் பாகூருக்கு வந்தார்களா?

அன்று மாலை இங்கே எங்களுக்குக் கச்சேரி. சேதுராமன் அண்ணன் நாயனம், நான் தவில். ஐந்நூறு பேர் இருந்தும் ஒரு இருமல்கூடக் கேட்கவில்லை. யாரும் தலையாட்டவில்லை, தொடையில் தாளம் போடவில்லை. யாருக்கு வாசிக்கிறோம் என்றே தெரியவில்லை. அண்ணன் உருகி ஆலாபனை செய்துகொண்டிருந்தார். அப்போது முன்வரிசைப் பெரியவர் ஒருவர், கதவைச் சாத்தச் சொல்லி ஆள்காட்டி விரலைத் தூக்கி ஆட்டினார். அவ்வளவுதான், என் கை தானாகக் கெட்டிமேளம் கொட்டிவிட்டது. அண்ணனும் வேறு வழியில்லாமல் கூடவே ஊதினார். சபை எழுந்து நின்று கைதட்டியது.

உள்ளே வந்ததும் அண்ணன், "இன்னாடா, இங்க எவன்டா தாலி கட்டினான்?" என்றார்.

"நம்ம வசந்தாவுக்குண்ணே" என்றேன். அப்புறம் அவர் திட்டவில்லை.

பதில் போடும்போது கவரில் கல்யாண அட்சதை நாலு அரிசி போட்டு அனுப்பு. தவில் வாசிக்க விரலில் மாட்டும் கூடு ஒட்ட நல்ல பழந்துணியும் வேண்டும்.

உனக்குக் கடிதம் படிக்க இனி வசந்தா இல்லை. பக்கத்து வீட்டு அம்மணி படித்தால், இதை மட்டும் இரண்டு தரம் படிக்கச் சொல்: என் தங்கைக்குக் கெட்டிமேளம் கொட்டியது யார்?

வண்டி வந்துவிட்டது.

குழந்தைவேல்