ஸ்டெல்லா, பொன்னேரி

நவ. 10, திங்கள்

விடிஞ்சதுல இருந்து தூறல். துவைச்ச துணி மூணு நாளா காயல. பொண்ணு ஜெனியோட யூனிஃபார்ம் ஃபேனுக்கு அடியில.

இன்னிக்கு வேலை:
– முடி எண்ணெய் பேஜ். தலைப்பு நீளம், குறைக்கணும்.
– 'ஆர்டர் பண்ணுங்க' பட்டன் மேல வரணும். விரலால தள்ளாமலே கண்ணுல படணும்.
– படம் எல்லாம் கனம். சிக்னல் இல்லாத ஊர்ல பேஜ் திறக்கறதுக்குள்ள ஆள் ஓடிடுது.
– கேஸ் புக் பண்ணணும்.

சிப்காட்ல ஃபர்னஸ் பக்கத்துல பதினோரு வருஷம் நின்னவன் நான். ஷிஃப்ட் இல்லாத நேரத்துல இத கத்துக்கிட்டேன். பொண்டாட்டி ஸ்டெல்லா நோவுல படுத்ததும் ஷிஃப்ட்ட விட்டு, ஊட்ல இருந்தே இதையே முழு வேலையா செய்யறேன். எண்ணெய் எவனோ செய்யறான், எவனோ அனுப்பறான். விளம்பரத்த தொட்டவங்க வந்து நிக்கற பக்கம் மட்டும் என் வேலை. அங்க இருந்து ஆர்டர் போனா கமிஷன்.

மத்தியானம் பிரபா சார் போன். சென்னைல இருந்து எங்களுக்கு வேலை பிரிச்சுக் குடுக்கறவர். எதுல ஆர்டர் ஜாஸ்தி வருதுன்னு பாக்க பத்து நாளா ரெண்டு பேஜ் ஓடுது. ஒண்ணுல ஸ்டெல்லா படம், இன்னொண்ணுல காசு குடுத்து வாங்கின மாடல் பொண்ணு படம். மத்தது எல்லாம் ஒண்ணுதான்.

"அக்கா படம்தாம்பா ஜெயிச்சுது. அந்த முகத்த பாத்தா நம்ம ஜனத்துக்கு நம்பிக்கை வருது. தொடாத."

அக்கா போய் ஒன்பது மாசம். அடக்கத்துக்கு மாலையோட வந்தவர்தான் அவரும்.

நவ. 11, செவ்வாய்

மழை இல்ல. புழுக்கம். ஜெனிக்கு தக்காளி சாதம். உப்பு ஜாஸ்தி. ரெண்டு டம்ளர் தண்ணி குடிச்சு சாப்டு முடிச்சா. சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

பேஜ் அடியில சந்தேகம் கேக்க ஒரு நம்பர் இருக்கு. அது என்கிட்டதான் வரும். வழக்கமான கேள்விங்க. வாசனை வருமா? ஆம்பளைங்க தேய்க்கலாமா? கையில வாங்கினப்புறம் காசு குடுத்தா போதுமா? பதில் எல்லாம் எழுதி வெச்சிருக்கேன், எடுத்து ஒட்டறதுதான்.

இன்னிக்கு ஒரு பொம்பள குரல்ல மெசேஜ். "அண்ணா, அதுல ஸ்டெல்லா, பொன்னேரின்னு ஒரு அக்கா போட்டுக்கீறீங்களே. அவங்களாண்ட ஒரு வாட்டி பேசணும்ணா. நான் அத்திப்பட்டுதான், பக்கம்தான்."

மூணு தடவ கேட்டேன். இதுக்கு எழுதி வெச்ச பதில் இல்ல.

நவ. 12, புதன்

கா. பத்து மணிக்கு அவளே கூப்ட்டா. பேரு கஸ்தூரி. புருஷன் பவர் பிளான்ட்ல கான்ட்ராக்ட் வேலை. அவளுக்கு மார்ல கட்டி, கீமோ மூணு முடிஞ்சுது.

"சீப்ப வெச்சா கொத்து கொத்தா வர்துண்ணா. இப்ப மொத்தமா போச்சு. புள்ள கிட்ட வரமாட்டேங்கறான், பயப்படறான். அந்த அக்காவுக்கு முட்டி வரைக்கும் கீதே. எத்தினி நாள்ல வந்துச்சுன்னு கேக்கணும்."

"அவங்க ஊர்ல இல்லம்மா."

"எப்ப வருவாங்க?"

"சொல்றேன்."

வெச்சுட்டேன். அப்புறம் கை வேலைக்கு வரல. 'இன்னும் 3 பாட்டில் மட்டுமே'ன்னு நானே எழுதினத பாத்துக்கினே உக்காந்திருந்தேன். அது எப்பவும் மூணுதான்.

நவ. 13, வியாழன்

காய்கறி, ஜெனிக்கு கிராஃப் நோட்டு. மார்க்கெட் பூரா சேறு.

அந்தப் படம் எடுத்தது மாடியில. தலைக்கு குளிச்சு, முடிய விரிச்சுப் போட்டுக்கினு நின்னா. முன்ன இருந்த ஒரு பேஜுக்கு எடுத்தது. 'மூணே மாசத்துல முடி கொட்றது நின்னுச்சு, இப்ப என் பொண்ணே பொறாமைப்படறா'ன்னு நான் எழுதினத படிச்சுட்டு ஸ்டெல்லா, "இன்னாய்யா, கூசாம புளுகற. நான் தேங்காண்ணெய் தவிர இன்னா தேச்சேன்?"ன்னு சிரிச்சா. சிரிக்கும்போது வயித்த பிடிச்சுக்கினா. சிரிப்பாலன்னு நெனச்சேன். அப்பவே உள்ள வலி இருந்திருக்கு. சொல்லல. நானும் கேக்கல. வெளிச்சம் போயிடும்னு இன்னும் ரெண்டு படம் எடுத்தேன்.

பிரபா சாருக்கு போன். படத்த எடுத்துடலாமான்னு கேட்டேன்.

"இன்னா பேஜாரு இது? ஓடற வண்டில டயர கழட்டறியா?"

"அது என் பொண்டாட்டி சார்."

"தெரியும்பா. அவங்க இருந்தா வேணாம்னா சொல்லுவாங்க? உன் குடும்பத்துக்குத்தான இன்னும் உழைக்கறாங்க."

இன்னும் உழைக்கறாங்க. அந்த வார்த்த காதுலயே நிக்குது.

நவ. 14, வெள்ளி

ஊட்ல பேச முடியல. ஸ்டேஷனுக்குப் போனேன். பிளாட்பாரத்துல கடைசி பெஞ்சு. கஸ்தூரிக்கு நானே கூப்ட்டேன்.

சொல்லிட்டேன். படத்துல இருக்கறது என் பொண்டாட்டின்னு. நோவு வர்றதுக்கு முன்ன எடுத்த படம்னு. அந்த வரிங்க நான் எழுதினதுன்னு. அவ இல்லன்னு. எந்த நோவுன்னும் சொன்னேன். அவளுக்கு வந்த அதே நோவுதான், கர்ப்பப்பை பக்கத்துல.

வண்டி ஒண்ணு வந்து போச்சு. கட் பண்ணிட்டான்னு நெனச்சேன்.

"அண்ணா. அக்காவுக்கும் முடி போச்சா?"

"போச்சும்மா."

"திரும்ப வந்துச்சா?"

"வந்துச்சு. கீமோ நிறுத்தினப்புறம் வந்துச்சு. விரல் கணு அளவுக்கு. கொழந்த முடி மாதிரி மெத்துமெத்துன்னு."

"இந்த எண்ணெய் தேச்சா?"

"எதுவும் தேய்க்கல. தானா வந்துச்சு."

"தானா வருமா?"

"வரும்னு டாக்டரும் சொன்னாரு. உனக்கு ட்ரீட்மென்ட் முடிஞ்சதும் வரும். வேற எதுவும் தேய்க்கணும்னா டாக்டர கேட்டுக்கோ."

அழுதாளா சிரிச்சாளா தெரியல. ஆர்டர் போட்டுட்டாளாம், நேத்தே. ரத்து பண்றது எப்படின்னு சொல்லிக் குடுத்தேன். வெக்கறப்ப, "நீங்க எதுனா சாப்டீங்களாண்ணா?"ன்னு கேட்டா.

அந்தக் குட்டி முடியோடதான் ஸ்டெல்லாவ பெட்டில வெச்சோம். இத இதுக்கு முன்ன யார்கிட்டயும் சொன்னதில்ல.

நவ. 15, சனி

கா. எட்டு மணிக்கு படத்த எடுத்துட்டேன். பேரையும் அந்த வரிங்களையும். அந்த எடத்துல எண்ணெய் பாட்டில் படம்.

பதினொண்ணுக்கு பிரபா சார். கத்தல. கத்தியிருக்கலாம். "சரிப்பா. நீ ரெஸ்ட் எடு. வேற பையன பாத்துக்கறேன்." அரை மணி நேரத்துல என் பாஸ்வேர்ட் வேலை செய்யல.

ஜெனி டியூஷன்ல இருந்து வந்தா. பைய கீழ வெக்கல. போனை நீட்டினா.

"அம்மா எங்கப்பா?"

புரியல. பேஜ் திறந்திருந்துச்சு. பாட்டில் படம்.

தினமும் பாக்கறாளாம். ஸ்கூல் விட்டு வர்ற வழியில ஆட்டோல உக்காந்து திறப்பாளாம். பேஜுக்கு யார் வந்தாங்கன்னு காட்டற கணக்குல பொன்னேரில இருந்து யாரோ தினமும் வருவாங்க, ஒண்ணும் வாங்காம நின்னு பாத்துட்டுப் போவாங்க. பேஜ்ல குறை இருக்கு, அதான் வாங்கலன்னு ஒரு வாரம் பட்டனோட கலர மாத்தி மாத்திப் பாத்தேன். அது ஜெனி.

படம் கம்ப்யூட்டர்ல இருக்கு, உனக்கு அனுப்பறேன்னு சொன்னேன்.

"அது வேணாம். பேஜ்லதான் அம்மா பேசும். என் பொண்ணே பொறாமைப்படறான்னு சொல்லும்."

"அது நான் எழுதினதும்மா."

"தெரியும்."

கதவ சாத்திக்கினா. தட்டினேன், திறக்கல. கஸ்தூரி பத்தி கதவுக்கு வெளிய நின்னே சொன்னேன். முழுசா. உள்ள கேட்டாளா தெரியல. கொஞ்ச நேரம் கழிச்சு தட்டுல இருந்த இட்லிய எடுத்துக்கினு போனா.

நவ. 16, ஞாயிறு

சர்ச்சுல ரெண்டாவது பூசைக்குப் போனோம். நல்ல வெயில். துணி எல்லாம் காஞ்சுது.

கோயில்ல இருந்து வந்ததும் ஜெனி போன எடுத்தா. "அப்பா, இங்க வா."

அதே பேஜ். ஸ்டெல்லா திரும்ப வந்துட்டா. எங்க மாடி, எங்க தண்ணி டேங்க், விரிச்ச முடி. என் எடத்துக்கு வந்த புது ஆள் பேஜோட பழைய நகல்ல இருந்து எடுத்துப் போட்டிருக்கான். அடியில 'ரேவதி, மதுரை'. வரிங்களும் வேற. 'ரெண்டு பிரசவத்துக்கு அப்புறம் போன முடி திரும்ப வந்துச்சு.'

ஜெனி பாத்துக்கினே இருந்தா. "மதுரைக்கு அம்மா போனதே இல்லல்ல?"

"இல்ல."

பிரபா சாருக்கு நாலு தடவ அடிச்சேன். எடுக்கல. விளம்பரம் ஓடற கம்பெனிக்கே புகார் குடுக்கற ஃபாரத்த திறந்தேன். படத்துல இருப்பவர் நீங்களா? இல்லை. உறவு? கணவர். அவர் ஏன் நேரடியாகப் புகார் செய்யவில்லை? அதுக்கு நாலு பதில் குடுத்திருந்தான். கடைசி பதில்ல கை வெச்சேன். இறப்புச் சான்றிதழை இணைக்கவும்னு வந்துச்சு.

ஜெனி எழுந்து போய் பீரோவ திறந்தா. நான் சொல்லல. சர்டிஃபிகேட்ட கவரோட எடுத்தாந்து, ஜன்னலாண்ட வெளிச்சத்துல தரைல வெச்சா. முனை சுருண்டுக்கினு வந்துச்சு. ரெண்டு கையாலயும் அழுத்திப் பிடிச்சுக்கினா.

"ஆடாம எடுப்பா."

மொதல் ரெண்டும் கலங்கலா வந்துச்சு. மூணாவதுல ஸ்டெல்லா பேரு தெளிவா விழுந்துச்சு.