இருக்கக்கூடாத இடத்தில் ஒரு பட்டை

மார்ச் 4
காலையிலிருந்து மழை. பக்கத்து ஆய்வகத் தோழி தந்த செல்களைச் சோதித்தேன். மூட்டுக் குருத்தெலும்பின் கொலாஜன் என்னும் புரதத்தை அறுக்கும் நொதி இருக்கிறதே, அதன் மரபணுவையே நீக்கிய செல்கள். அந்த நொதியை மட்டும் பிடித்துப் படத்தில் கரும்பட்டையாகக் காட்டும் எங்கள் ஆன்டிபாடி ஒட்டிக்கொள்ள அவற்றில் ஒன்றும் இல்லை. படம் வெறுமையாக வரவேண்டும்.

கரும்பட்டை வந்தது. எப்போதும் வரும் அதே இடத்தில்.

கை தவறியிருப்பேன்.

மார்ச் 6
மறுபடியும் வந்தது.

மார்ச் 7
ஆன்டிபாடியின் பழைய குப்பி, புதுக் குப்பி, இரண்டிலும் அதே பட்டை. அப்படியானால் இத்தனை வருடமாக அது வேறு ஏதோ ஒரு புரதத்தைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. நாங்கள்தான் அதற்கு நொதி என்று பெயர் வைத்தோம்.

அந்தப் பட்டையை நம்பித்தான், நொதியைத் தடுக்கும் மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கும் சோதனை தொடங்கப்போகிறது. அக்காவும் அதில் இருக்கிறாள். முன்பு ஒரு முழங்காலை மாற்றியபோது, எடுத்த குருத்தெலும்புத் துண்டை ஆய்வுக்காக எங்களுக்குத் தரச் சொன்னவள் அவள். அந்தக் கால் சீழ் பிடித்துப் படுத்திய பாட்டில், மறுகாலைத் தொட மருத்துவர் தயாரில்லை. மிச்சம் இந்த மருந்துதான்.

மார்ச் 8
பேராசிரியர் கதவைச் சாத்தச் சொன்னார். சோதனை தொடங்கட்டும், பிறகு பார்க்கலாம் என்றார். அந்த மருந்து தசைநார்களை இறுக்கும் என்பதை நினைவூட்டினேன்.

"எல்லாரும் அந்தப் பட்டையத்தான் பாக்கறாங்க. உனக்கு மட்டும் என்ன?"

மார்ச் 9
சொன்னா அக்காவுக்கு இருக்கிற ஒரே வழியும் போச்சு. சொல்லலன்னா அந்த மருந்த அவளே முழுங்குவா. நான் என்ன செய்ய? யார்கிட்ட போய்க் கேக்க?

மார்ச் 11
படங்களையெல்லாம் சோதனை நடத்தும் மருத்துவருக்கு அனுப்பிவிட்டேன்.

மார்ச் 12
அக்கா காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைக்காமலே எல்லாவற்றையும் கேட்டாள்.

"அப்போ என் மூட்டை எதுதான் அரிக்குது?"

"தெரியலக்கா."

"தெரியலன்னு சொல்லத்தான் இவ்வளவு படிச்சியா?"

அழவில்லை. அழுதிருந்தால் தாங்கியிருப்பேன். அத்தான் வாசல்வரை வந்து, கொஞ்ச நாள் இந்தப் பக்கம் வரவேண்டாம் என்றார்.

ஏப்ரல் 2
சோதனையைக் கைவிட்டுவிட்டார்கள். என் மேசையைக் காலி செய்யும்படி பேராசிரியர் தோழியிடம் சொல்லியனுப்பினார். அவளால் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஏப்ரல் 20
எழுத ஒன்றுமில்லை.

மே 17
தோழி தொலைபேசினாள். வேறொரு ஆன்டிபாடியை முதலில் நொதி உள்ள செல்களிலும் அது நீக்கப்பட்ட அந்தச் செல்களிலும் பரிசோதித்து, அது பொய் சொல்லவில்லை என்று உறுதி செய்துகொண்டு, அக்காவின் துண்டிலும் போட்டுப் பார்த்தாளாம். வெறுமை. நொதி அங்கே இல்லவே இல்லை. மருந்து அக்காவின் தசைநாரை இறுக்கியிருக்கும், அவ்வளவுதான்.

நான் சொன்னது சரி. சரியாக இருந்து என்ன? வலி வலிதானே.

ஜூன் 2
அத்தான் கூப்பிட்டார், ஒரு கை பிடிக்க ஆள் வேண்டும் என்று. அக்காவால் இனி மாடி ஏற முடியாது. கட்டிலைக் கழற்றிக் கீழே இறக்கினோம். சன்னல் பக்கம் தலை வைக்கிற மாதிரி போடச் சொன்னாள். போட்டேன். உட்கார்ந்து, போர்வையைக் கால்மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"மேல் ரூம் இனிமே சும்மாதான கெடக்கும்," என்றாள், என்னைப் பார்க்காமல். "தனியா அங்க என்ன பண்ற? வந்துடு."

மாடிக்குப் போய்ச் சன்னல்களைத் திறந்து வைத்துவிட்டு வந்தேன்.