மாசமானவளிடம் சொல்லக் கூடாத பேர்

என் பொல்லாத சொர்ணக்காவுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்க நாக்கு எழவில்லை. புதுக்கோட்டையில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வயிற்றில் தையல் சுரீர் சுரீர் என்று இழுக்கிறது. நீ பெரியம்மா ஆகிவிட்டாய். ஆனால் சந்தோஷப்பட அவசரப்படாதே. பிள்ளை என் பக்கத்தில் இல்லை. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், சூடு கொடுக்கும் பெட்டிக்குள் கிடக்கிறாள். என் முழங்கை நீளம்கூட இல்லை. "இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்மா, இப்ப எதையும் உறுதியாச் சொல்ல முடியாது" என்கிறார் டாக்டரம்மா.

நான் மாசமாக இருப்பது தெரிந்த அன்றைக்கே அம்மா உன் போட்டோவைச் சுவரிலிருந்து கழற்றி எங்கேயோ ஒளித்துவிட்டாள். வயிற்றுப் பிள்ளையோடு போய்ச் சேர்ந்தவளின் முகத்தை மாசமானவள் பார்க்கக் கூடாதாம். பேர்கூட அவள் காதில் விழக் கூடாதாம். விழுந்தால் நீ வந்து என்னையும் கூட்டிக்கொண்டு போய்விடுவாயாம். தலைமாட்டில் ஓர் அரிவாளும் ஒரு கொத்து வேப்பிலையும் வைத்துத்தான் என்னைப் படுக்க வைத்தாள். எல்லாம் உன்னை அண்டவிடாமல் இருக்கத்தான், தெரியுமா? எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. ஆவுடையார்கோவில் தேருக்குக் கூட்டிப்போ என்று நான் கெஞ்சினாலே, "போடி, ஒன்னையக் கட்டி இழுக்க என்னால ஆகாது" என்பாய். நீயா என்னைக் கூட்டிக்கொண்டு போகப்போகிறாய்?

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால், முதல்முதலாக ஊர் சுகாதார நிலையத்தில் பதிவு செய்யப் போனபோது நர்ஸ் கேட்டார்: "கூடப்பிறந்தவங்க யாருக்காச்சும் மாசமா இருக்கப்ப பிரஷர், வலிப்புன்னு ஏதாச்சும் வந்திருக்காம்மா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "அப்படியெல்லாம் ஒண்ணுமில்லைங்க. எனக்கு இவ ஒரே பொண்ணுங்க."

ஒரே பொண்ணாம்! அக்கா, அம்மாவை அந்த இடத்திலேயே பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. வெளியே வந்து கேட்டதற்கு, "நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல அவ பேச்ச எதுக்கு எடுக்குற?" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். பெற்ற வயிற்றுக்கு இருந்த பயம் அது. அவளைத் திட்டவும் முடியவில்லை.

ஏழாம் மாசம் வளைகாப்பு. வந்த பொம்பளைகள் எல்லோருக்கும் ஒரே பேச்சு. "வயிறே தெரியலையே, பூப்போல எறங்கிரும் பாரு." அம்மாவுக்கு வாயெல்லாம் பல். அடுத்த வாரம் நர்ஸ் டேப் வைத்து வயிற்றை அளந்துவிட்டு இன்னொரு தடவை அளந்தார். போன மாசம் இருந்த அளவிலேயே நின்றிருந்தது. ஸ்கேனில் பிள்ளை மாசத்துக்கு ஏற்ற வளர்த்தி இல்லை, தண்ணீரும் கம்மி, கொடி வழியாகப் போகிற ரத்தமும் பத்தவில்லை என்று வந்தது.

அன்றிலிருந்து அம்மா என்னைத் தின்னவைத்தே கொன்றாள். முட்டை, முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், மறுபடியும் முட்டை. நான்தான் ஊதினேன். உள்ளே இருந்தவளுக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை. வளைகாப்பு வளையல் மணிக்கட்டில் இறுகிக்கொண்டே வந்தது. "பூசினாப்புல அழகா இருக்கியேடி" என்று பக்கத்து வீட்டில் கன்னத்தைத் தொட்டுக் கொஞ்சினார்கள். நானோ இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து, வயிற்றில் கையை வைத்துக்கொண்டு அவள் உதைப்பாளா என்று காத்துக் கிடப்பேன். முந்தியெல்லாம் விலாவில் உதைத்தவள், இப்போது எப்போதாவது லேசாகப் புரண்டுவிட்டு அடங்கிப்போவாள்.

ஒரு காலையில் தலை சீவும்போது மண்டை பிளக்கிற வலி. கண்ணாடியில் என் முகத்துக்கு முன்னால் பொடிப் பொடியாக ஏதோ பறந்தது. கையால் விரட்டினேன், போகவில்லை. அப்போதுதான் உன் குரல் கேட்டது அக்கா, சத்தியமாக. "கண்ணுக்குள்ள பூச்சி பறக்குதுடி கோமு" என்று நீ சொன்னதும் நான் கேலி பண்ணிச் சிரித்ததும் ஞாபகம் வந்தது. நீ அதைச் சொன்ன அன்றைக்கு மத்தியானம்தானே உனக்கு வலிப்பு வந்தது. வண்டி வருவதற்குள் நீயும் இல்லை, உன் பிள்ளையும் இல்லை.

ஆட்டோ பிடித்து, அம்மாவையும் இழுத்துப் போட்டுக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தேன். டாக்டரம்மா பிரஷர் பார்த்ததும் முகம் மாறி, அதே கேள்வியைக் கேட்டார். அம்மாவும் "அப்படியெல்லாம்..." என்று ஆரம்பித்தாள்.

"இல்லைங்க. எனக்கு ஒரு அக்கா இருந்தாங்க" என்றேன்.

அம்மா தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். "சும்மா இருடி!"

"சொல்லத்தான் செய்வேன். பேரு சொர்ணம். இதே மாதிரி கை வீங்கி, கண்ணுல பூச்சி பறந்து, வலிப்பு வந்து செத்துப்போனாங்க. வயித்துல இருந்த பிள்ளையும் போயிருச்சுங்க."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "ஏம்மா, இத ஆரம்பத்துலயே சொல்லியிருந்தா அப்பவே மாத்திரை குடுத்து, அடிக்கடி ஸ்கேன் பாத்திருப்போமே" என்று அம்மாவிடம் சொன்னார். திட்டக்கூட இல்லை. அம்மா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு வெறித்துப் பார்த்தாள்.

அப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. வலிப்பு வராமல் இருக்க ஊசி, பிள்ளையின் நுரையீரலுக்கு ஊசி. "இனிமே உள்ள இருக்கிறதவிட வெளிய எடுக்கிறதுதான் பிள்ளைக்கு நல்லது" என்றார்கள். வீங்கின கையிலிருந்து வளையல் கழலவில்லை. நர்ஸ் ஒவ்வொன்றாக உடைத்து எடுத்தார். அம்மா குனிந்து துண்டுகளைப் பொறுக்கினாள். ஆபரேஷன் அறையில் பிள்ளையை எடுத்ததும் நான் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன். அழுகைச் சத்தம் வரவில்லை. "பிள்ள அழுகலையே, பிள்ள அழுகலையே" என்று கத்தினேன். எவ்வளவோ நேரம் கழித்து ஒரு முனகல் கேட்டது. முகத்தைக் காட்டிவிட்டுத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர் போனில்தான் பிள்ளையைப் பார்த்தார்.

இன்று காலை பிள்ளை மூச்சு விட மறந்துபோனாள். குறைமாசத்தில் பிறந்ததுகளுக்கு அப்படி வருமாம். மிஷின் கத்தியது, நர்ஸ்கள் ஓடிவந்து பாதத்தைச் சுண்டினார்கள். அம்மா கண்ணாடிக் கதவில் இரண்டு உள்ளங்கையையும் வைத்துக்கொண்டு, அந்த வராந்தாவே திரும்பிப் பார்க்கிற மாதிரி உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

"ஏத்தா சொர்ணம்! ஒந்தங்கச்சி பிள்ளத்தா. பக்கத்துலயே நின்னு பாத்துக்க ஆத்தா. நீ அங்கயே நில்லு."

நீ போனதிலிருந்து அவள் வாயில் உன் பேர் வந்து நான் கேட்டதில்லை. பிள்ளைக்கு மூச்சு திரும்பிவிட்டது. இந்தத் தடவை திரும்பிவிட்டது. இன்றைக்கு ராத்திரி எப்படிப் போகும்?

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அவள் பெரியவளாகி, ஒருநாள் மாசமாக வந்து நின்றால், முதல் வேலையாக உன் பேரையும் நீ போன விதத்தையும் அவள் காதில் போடுவேன். யார் என்ன சொல்லித் தடுத்தாலும் சொல்வேன். ஆனால் அதற்கு அவள் வளர வேண்டுமே. வழி தெரியாமல் அவள் உன் பக்கம் கையை நீட்டினால், பிடித்துவிடாதே அக்கா. இங்கிட்டுத் திருப்பிவிடு.

உன் தங்கச்சி,
கோமதி