பத்து மணிக் கோப்பை

ஜனவரி 9
ரெம்மெர்ட் ஜெயிச்சிட்டான்!! ஹீரன்வேன் பனித்தளம், பத்தாயிரம் மீட்டர் ஸ்கேட்டிங், கடைசிச் சுற்றில் ஒருத்தனும் கிட்ட நெருங்கல. கத்திக் கத்தி என் தொண்டை போய்விட்டது. மேடையில் அவன் கையில் அவன் விளம்பரம் செய்கிற சத்துபானம், அந்த நீலப் பாட்டில். "என் பலமே இதுதான்" என்றான். அப்பாவுக்கும் அதையே வாங்கப்போகிறேன். வயிற்றுக் கட்டிக்கு மார்ச்சில் ஆபரேஷன். எடை இன்னும் இறங்கினால் தள்ளிப்போடுவார்களாம். அப்பாவோ குருவி மாதிரி கொத்துகிறார்.

ஜனவரி 12
பெட்டி வந்தாச்சு. பத்து வீடியோ பார்த்துத் தேர்ந்தெடுத்தது: சர்க்கரையே இல்லாத வகை. ரசிகர் குழுவில் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். அப்பா முகத்தைச் சுளித்தார், ஆனாலும் குடித்தார். "நீ வாங்கினதாச்சே, மின்கே."

ஜனவரி 30
கொதிக்குது எனக்கு.
மருத்துவமனையில் சாப்பாட்டு ஆலோசகர் அன்னெமீக் அப்பாவை எடை போட்டதும் முகம் மாறிவிட்டது. நான் பெருமையாக நீலப் பாட்டிலை நீட்டினேன். பின்பக்கத்தைப் படித்தார்.
"ஏம்மா, இது உடம்பக் குறைக்கிறவங்க குடிக்கிறது. வயிறு ரொம்பும், தெம்பு ஏறாது. இதக் குடிச்சிட்டு அப்பா சாப்பாட்ட ஒதுக்கியிருப்பாரே?"
ஒதுக்கினார்தான்.
யார் மேல கோபப்படுறது? பலம்னு சொன்னானே, யாருக்குப் பலம்? ரெம்மெர்ட்டோட இணையப் பக்கத்துலயே போய்க் கேட்டேன். கொஞ்ச நேரத்துல கேள்வியைக் காணோம். அழிச்சிட்டாங்க! சுவரில் இருந்த அவன் படத்தை நானும் கிழிச்சிட்டேன்.

பிப்ரவரி 2
அன்னெமீக் எழுதிக் கொடுத்தவை குட்டிக் குட்டிப் பாட்டில்கள். உள்ளங்கையில் அடங்கும், ஒவ்வொன்றும் ஒரு வேளைச் சாப்பாட்டின் தெம்பு. சாப்பாட்டுக்குச் சாப்பாடு நடுவில், கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். அப்பா ஸ்ட்ராபெரி சுவையில் ஒரு வாய் வைத்துவிட்டுத் தள்ளினார்.
"நாப்பது வருஷமா மாடு கறக்கிறேன். எனக்கே ஃபாக்டரிப் பாலா?"
"மருந்துன்னு நெனச்சுக்கோங்கப்பா."
"மருந்துன்னா ஒரு ஸ்பூன் போதும்."

பிப்ரவரி 6
அம்மா அதைக் கிண்ணத்தில் ஊற்றி, ஆறு மணிச் சாப்பாட்டுக்குப் பின்னால் இனிப்பு என்று வைத்துவிட்டாள். இனிப்புக்கு இடம் வேணுமாம், அப்பா உருளைக்கிழங்கைப் பாதியில் வைத்துவிட்டார். ஐயோ அம்மா! நடுவுலன்னா நடுவுல!
"நம்ம வீட்டுல நடுவுல என்னடி இருக்கு?" என்றாள்.
நியாயம்தான். பத்து மணிக்குக் காபி, கூட ஒரே ஒரு பிஸ்கட், டப்பா மூடிடும். இரண்டாவது பிஸ்கட் எடுத்த மாமாவை அப்பா இன்னும் மன்னிக்கவில்லை.

பிப்ரவரி 7
பத்து மணிக் காபி!!!

பிப்ரவரி 10
அந்தக் குட்டிப் பாட்டில் மோக்கா, அதாவது காபி சுவையிலும் இருக்கிறதாம். வெதுவெதுப்பாக்கலாம், கொதிக்கவிடக் கூடாது — அன்னெமீக் போனில் சொன்னார். அப்பாவின் கோடு போட்ட கோப்பையில் ஊற்றி, பிஸ்கட்டோடு வைத்தேன். மறைக்கவில்லை.
"இது காபி இல்ல."
"பத்து மணிக்கு இந்தக் கோப்பைல வந்தா காபிதான். வேணாம்னா வையுங்க, கொட்டிடறேன்."
"கொட்டுறதா? இந்த வீட்டுலயா?"
திட்டிக்கொண்டே முக்கால் கோப்பை குடித்தார்.

பிப்ரவரி 19
எடை இறங்கல. ஏறவும் இல்ல. ஆனா இறங்கல!
நீலப் பாட்டில்காரர்களிடமிருந்து மின்னஞ்சல்: "அன்பு ரசிகையே, அடுத்த பெட்டிக்குத் தள்ளுபடி." தள்ளுபடியாம்! என் அப்பா உடம்புல தள்ளுபடி பண்ணது பத்தலையா?

மார்ச் 3
வியாழக்கிழமை ஆபரேஷன். தேதி மாறவில்லை.
காலையில் பாத்திரம் கழுவும் தொட்டியில் பாட்டில் வழிப்பான் கிடந்தது. தயிர்ப் பாட்டிலின் அடியில் ஒட்டியதை அம்மா வழிக்கிற அந்த நீளக் குச்சி. நுனி ரப்பரில் காபி நிறம். அம்மா தொடவில்லையாம். நானும் இல்லை. அந்தக் குட்டிப் பாட்டிலின் வாய்க்குள் அது நுழையவே நுழையாதே?
குப்பைக் கூடையைத் திறந்து பார்த்தேன்.
பாட்டிலின் கழுத்தை அப்பா கத்தியால் சுத்தமாக அறுத்து, அடியில் ஒட்டியதையும் வழித்திருந்தார்.