ஐடாவில் நீ கண்ட கீறல்

சிவமயம்

ஹில்ஸ்பரோ, ஒக்லாந்து
18.08.1996

அன்பு மகள் பிரசாந்திக்கு,

நானும் அம்மாவும் சுகமாய் இருக்கிறம், அரிசோனாவிலை நீயும் அப்பிடியே இருக்க முருகன் துணை. ஆனால் பிள்ளை, போன கிழமை போனிலை உன்ர குரல் அடைச்சிருந்தது, சளித் தடிமன் எண்டாய், அங்கை வெயில் கொளுத்துது எண்டதும் நீதான். நான் நம்பேல்லை. சனிக்கிழமை பக்குரங்கா நூலகத்திலை ஒரு விண்வெளிச் சஞ்சிகை பார்த்தன், அதிலை ஐடாவின்ர படம், செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவிலை சுத்துற, நீ படிக்கிற அந்தக் கல்லுத்தான். பள்ளங்களை வெட்டிக்கொண்டு போற நீளக் கீறல் ஒண்டு மூண்டாவது பள்ளத்தின்ர விளிம்பிலை சட்டெண்டு நிக்குதாம், ஏனெண்டு ஒருத்தருக்கும் விளங்கேல்லையாம், முதலிலை கவனிச்சது உன்ர பேராசிரியராம். விளங்காத சொல்லுகளுக்கு அகராதி பார்த்தன், உன்ர பேருக்கு அகராதி தேவையில்லைத்தானே, மூண்டு தரம் தேடியும் இல்லை.

வீட்டை வந்து உன்ர பழைய கடிதங்களைக் கிளறினன். தொண்ணூற்றி நாலாம் ஆண்டு ஜூனிலை அதே கீறலை நீலப் பேனையாலை கீறி அனுப்பியிருக்கிறாய், அது படத்திலை வந்த பிழை எண்டு பேராசிரியர் சேர் சிரிச்சார் எண்டும் எழுதியிருக்கிறாய். அண்டைக்குப் பிழை, இண்டைக்கு அவற்ர கண்டுபிடிப்போ? திரும்பப் போன் எடுத்துக் கேட்டதுக்கு, ஓம் அப்பா தெரியும், விடுங்கோ எண்டாய். விசாவும் உதவிப்பணமும் அந்த ஆளின்ர கையெழுத்திலை தொங்குறதாலை வாயை மூடியிருக்கிறாய் எண்டுதான் என்ர சந்தேகம். முகம் தெரியாத மனுசனைக் கண்டபடி நினைக்காதேங்கோ எண்டு அம்மா சொன்னவ. நான் நில அளவைக் கந்தோரிலை இருபது வருசம் இருந்தவன், எல்லைக் கல்லைத் தள்ளி நட்ட ஆக்கள் எல்லாரும் என்னோடை மரியாதையாத்தான் கதைச்சவை.

சண்டைக்குப் போகாதை. உன்ர கடிதத்தையும் முத்திரைத் திகதி தெரியிற உறையையும் கொப்பி எடுத்து இதோடை வைச்சிருக்கிறன், அசல் என்னட்டை. எல்லாரும் இருக்கிற கூட்டத்திலை, சேர் இதை எப்ப முதன்முதல் பார்த்தனீங்கள் எண்டு மட்டும் கேள், பிறகு பேசாமல் நில். இந்தக் கடிதத்தைக் கம்பஸ் விலாசத்துக்கு அனுப்பேல்லை, இருந்தும் இதின்ர உறையைத் திறந்து ஒட்டின அடையாளம் இருக்கோ எண்டு பார்த்து எழுது.

நேரத்துக்குச் சாப்பிடு, முருகன் கைவிடான். படிப்பே நிண்டாலும் வீட்டை வா பிள்ளை, உன்ர அறையை ஒருத்தருக்கும் வாடகைக்குக் குடுக்கேல்லை.

ஆசீர்வாதத்துடன்
அப்பா
ச. நவரத்தினம்