நாவற்பழத் தேறலும் நடுங்கும் மேசையும்

ஆடி 5, செவ்வாய்
காற்று. கூடமெங்கும் புழுதி. தேறல் இன்னும் கலங்கல்.

பழம் வெள்ளிமலையிலிருந்து வந்தது. சக்கையைத் துணியில் வடித்தாயிற்று. நுரைத்து அடங்கியும் ஆயிற்று. வண்டல்தான் படிய மறுக்கிறது. மகள் அருள்மொழியின் மண உறுதி நாளில், மாப்பிள்ளையின் தாய் ஸ்டெல்லா அம்மையார் அத்தனை பேர் நடுவில் கேட்டது காதிலேயே நிற்கிறது: “எங்க வூட்ல வருசா வருசம் ஒயின் போடுவோம் சம்பந்தி. ஒங்களுக்கு வாய்தானே ஜாஸ்தி? கையால எதுனா செய்யத் தெரியுமா?”

“குவளைக்குப் பின்னே எழுத்தை வைத்துப் படிக்கலாம். அத்துணைத் தெளிவாகக் கொண்டுவருவேன்” என்றேன். கைதட்டல். அழைப்பிதழ் கொடுக்க வரும் ஞாயிறு அங்கே செல்கிறோம். ஆடியில் அழைப்பிதழா என்று உறவினர் முணுமுணுப்பு. பொருட்படுத்தவில்லை. சொன்ன சொல் சொன்னதே.

வாங்க: தேற்றாங்கொட்டை, மெல்லிய குழாய், தொண்டைக்கு அதிமதுரம்.

ஆடி 7, வியாழன்
கலங்கிய ஆற்றுநீரைத் தெளிவிக்கும் கொட்டை இதையும் தெளிவிக்கும் என்பது என் துணிபு. கொட்டையைக் கல்லில் இழைத்து, புதுக் கண்ணாடிச் சாடியின் உட்புறம் தடவி, தேறலை ஊற்றினேன். மாலையில் அடியில் விரற்கடை வண்டல், மேலே செம்மணி நிறம். வெற்றி! அந்த மகிழ்வில் சனிக்கிழமைக் கூட்டத்துக்கான மேடையுரையை இருமுறை முழங்கிப் பார்த்தேன்.

ஆடி 8, வெள்ளி
மீண்டும் கலங்கல். கொட்டையைப் பழித்தேன். மனைவி செல்வி அடுக்களையிலிருந்து: “கொட்ட இன்னாங்க பண்ணும் பாவம்?”

சினத்தோடு உரைப்பயிற்சி. “எழுக தமிழினமே!” என்று மேசையில் குத்தினேன். சாடியின் அடியிலிருந்து ஊதா நிறப் புகை போல் ஒன்று எழுந்தது. மறுபடி குத்தினேன். மறுபடி எழுந்தது.

கேட்போர் ஒருவர் எதிரே வேண்டுமே என்று சாடியைப் பயிற்சி மேசைமீது வைத்தவன் நானே.

இப்போது சாடியை நகர்த்தினாலும் கலங்கும். ஆகவே உரையை நகர்த்தினேன், மொட்டைமாடிக்கு. செல்வி சிரித்துச் சிரித்து உட்கார்ந்துவிட்டாள். “மேசய குத்திக்கினே தெளியலன்னா எப்டிங்க தெளியும்?”

ஆடி 9, சனி
ரிஷிவந்தியம் கூட்டம் நன்று. குரல் சற்றும் கம்மவில்லை. வீடு திரும்பியதும் விளக்கைச் சாடியின் பின்னே பிடித்தேன். தெளிவு!

குழாயின் வாயை வண்டலுக்கு மேலே நிறுத்தித் தேறலைப் புட்டியில் இறக்கினேன். அடியில் ஒரு குவளையளவு விட்டுவிட்டேன்.

செல்வி: “அவ்ளோ வுட்டுட்டீங்களே, அதயும் சாச்சி எடுங்க.”

“ஆசைப்பட்டால் வண்டல்தான் வரும்” என்றேன். அதிமதுரம் வாங்க மறந்தேன்.

ஆடி 10, ஞாயிறு
பேருந்தில் உளுந்தூர்பேட்டை வரை புட்டி மடியில், இரு கையும் அதன்மேல். பேச்செடுத்தால் கை எழும். எனவே வாய் திறக்கவில்லை.

ஸ்டெல்லா அம்மையார் வாசலிலேயே, “இன்னா சம்பந்தி, வாயே தொறக்கல? ஒடம்பு கிடம்பு சரியில்லயா?” புட்டியைக் காட்டினேன். குவளையில் ஊற்றினார். குவளைக்குப் பின்னே எங்கள் அழைப்பிதழைப் பிடித்தார். கண்ணைச் சுருக்கி, எழுத்துக் கூட்டி: “அருள்... மொழி.”

ஒரு மிடறு. இன்னொரு மிடறு.

“சரி, ஜெயிச்சீங்க. இப்ப பேசுங்க.”

எழுந்தேன். செல்வி முந்திக்கொண்டு புட்டியை மேசையிலிருந்து எடுத்துவிட்டாள்.